பாதரசம்: உடைந்த தெர்மாமீட்டர் முதல் சுறாப்புட்டு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கொரோனா சமயத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார்கள். உடைந்தபோதெல்லாம் எனக்குத்தான் போன் வந்தது. தெர்மாமீட்டரில் தொடங்கிய பேச்சு மீன், கிரீம், லேகியம் என்று எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், பாதரசமும் மெர்குரியும் ஒண்ணுதானா? அது உலோகமா, தண்ணியா?

ஒன்றுதான். உலோகம்தான், ஆனால் சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும். உறைய வேண்டுமென்றால் மைனஸ் 39 டிகிரி குளிர் வேண்டும். தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பினால் பதிமூன்றரைக் கிலோ எடை இருக்கும். சித்த வைத்தியத்தில் இதற்கு ரசம், சூதம் என்று பெயர். மங்கிப்போன கண்ணாடியை ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அந்த ரசமும் இதுதான். அந்தக் காலத்தில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துக் கண்ணாடியின் முதுகில் பூசுவார்கள். பூச்சு எப்போதோ மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை.

தெர்மாமீட்டர் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு. குட்டிக் குட்டி உருண்டையா ஓடுது. என்ன பண்றது?

முதலில் துடைப்பத்தைக் கீழே போடுங்கள். பெருக்கினால் ஒரு உருண்டை நூறு உருண்டையாகும், பரப்பு கூடக்கூட ஆவியும் கூடும். வேக்வம் கிளீனர் அதைவிட மோசம், சூடான காற்றோடு ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். குழந்தைகளையும் நாய் பூனையையும் வெளியே அனுப்பிவிட்டு, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறி வேண்டாம். கையில் மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிட வேண்டும். தங்கத்தில் பாதரசம் பட்டால் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும்.

பிறகு கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டியான அட்டை இரண்டை எடுத்து உருண்டைகளை மெதுவாக ஒன்றோடொன்று சேர்த்துத் தள்ளுங்கள். சேர்ந்ததை மருந்துச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில் விடலாம். மீதிப் பொடிசுகளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடித்தால் மறைந்திருக்கும் உருண்டைகள் பளிச்சென்று தெரியும். கட்டிலின் காலடி, டைல்ஸ் இடுக்கு, சுவரோரம் மூன்றையும் விடாமல் பாருங்கள். டேப், அட்டை, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் அதே பாட்டிலிலோ கனமான பிளாஸ்டிக் பையிலோ போட்டுக் கட்டிவிடுங்கள். கழிவறையிலோ சிங்க்கிலோ ஊற்றக் கூடாது. பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. இவ்வளவையும் செய்துவிட்டால் வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவுதான். ஒரு நாள் அந்த அறையைக் காற்றோட்டமாக விடுங்கள், போதும்.

இன்னொன்று. வெள்ளையாகிப்போன மோதிரத்தைப் பத்தரிடம் கொண்டுபோய் ‘சூடு காட்டிக் கொடுங்கள்’ என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர் ஊதுகுழலால் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி நேரே அவர் மூச்சுக்குள்தான் போகும். என்ன ஒட்டியிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐயோ அக்கா, குழந்தை தெர்மாமீட்டரைக் கடிச்சு முழுங்கிட்டான்!

பெரும்பாலும் கவலைப்பட வேண்டியது பாதரசத்தை அல்ல, கண்ணாடித் துண்டை. விழுங்கிய உலோகப் பாதரசத்தைக் குடல் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போகாது, மீதி மலத்தோடு வெளியேறிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, உதட்டிலும் நாக்கிலும் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பையனைத் தூக்கிக்கொண்டு ஓடும் பதற்றத்தில் தரையில் கிடப்பதை மறந்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் அதிகம்.

முழுங்கினா ஒண்ணும் ஆகாதுங்கறீங்க, மூச்சுல போனா ஆபத்துங்கறீங்க. இது என்ன நியாயம்?

எல்லாக் கேள்விகளுக்கும் அடிவேர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாதரசம் விஷமா இல்லையா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. அது எந்த உருவில் இருக்கிறது, எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. திரவ உலோகமாக வயிற்றுக்குள் போனால் வந்த வழியே போய்விடும். அதே உலோகம் ஆவியாகி மூச்சில் போனால் சுமார் 80 சதவீதம் நுரையீரலிலேயே ரத்தத்தில் கலந்து மூளை வரை போகும். ஆவிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நாள்பட்டால் கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, எரிச்சல், ஈறு வீக்கம் என்று காட்டும். பாதரச உப்புகள் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

மூன்றாவது வகைதான் கரிமப் பாதரசம். பாதரசத்தோடு கார்பன் சேர்ந்தது. அதில் முக்கியமானது மெத்தில் மெர்குரி. உணவோடு போனால் சுமார் 95 சதவீதம் குடலில் உறிஞ்சப்படும். மூளைக்குள்ளும், கர்ப்பத்தில் இருக்கும் சிசுவுக்குள்ளும் தடையில்லாமல் நுழையும். இதன் உறவுக்காரனான டைமெத்தில் மெர்குரி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். கேரன் வெட்டர்ஹான் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் 1996 ஆகஸ்டில் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தபோது அது சில சொட்டு அவருடைய கையுறை மேல் விழுந்தது. லேடெக்ஸ் கையுறையைத் தாண்டித் தோலுக்குள் இறங்கியது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடை தடுமாறியது, பேச்சு குழறியது. 1997 ஜூனில் இறந்துபோனார். ஒரு கிராமை விழுங்கிய குழந்தை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகிறது, கையுறை போட்டிருந்த விஞ்ஞானி சில சொட்டில் போய்விட்டார். தனிமம் ஒன்றே, உருவம்தான் வேறு.

நாங்க ஸ்கூல் லேப்ல உள்ளங்கையில வச்சு உருட்டி விளையாடியிருக்கோமே, ஒண்ணும் ஆகலையே?

நானும் உருட்டியிருக்கிறேன். செப்புக்காசில் தேய்த்து ‘வெள்ளிக்காசு’ செய்திருக்கிறேன். தோல் வழியாக உலோகப் பாதரசம் மிகக் குறைவாகவே உள்ளே போகும். ஜன்னலெல்லாம் திறந்த லேபில் வருஷத்துக்கு இரண்டு முறை செய்த விளையாட்டு அது. மூடிய பட்டறையில் தினம் எட்டு மணி நேரம் இருந்தவர்களின் கதையே வேறு. கொடைக்கானல் கேள்வியில் அதைப் பாருங்கள்.

சிஎஃப்எல் பல்ப் உடைஞ்சாலும் இவ்ளோ பண்ணணுமா?

வேண்டாம். அதில் சில மில்லிகிராம்தான் இருக்கும், தெர்மாமீட்டரில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட வராது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே நின்றுவிட்டு, அட்டையால் வாரி, டேப்பால் ஒற்றிக் கட்டி வையுங்கள். பெருக்கக் கூடாது என்பது மட்டும் இதற்கும் பொருந்தும்.

பாதரசம் பூமியிலிருந்து எடுத்ததுதானே? மண்ணுக்கே திரும்பிப் போனா என்ன தப்பு?

நல்ல கேள்வி. பூமிக்குள் அது பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து சிவப்புத் தாதுவாக, சித்தர்கள் லிங்கம் என்று சொல்லும் கல்லாகக் கிடக்கிறது. கரையாது, ஆவியாகாது, தூங்கிக்கொண்டிருக்கும். நாம் அதை எழுப்பிக் காற்றில் விடுகிறோம். 2015-ல் மட்டும் மனித வேலைகளால் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் ஏழைத் தொழிலாளர்கள் மண்ணிலிருந்து தங்கத்தைப் பாதரசத்தால் பிடித்து, அடுப்பில் வைத்துச் சூடாக்குகிறார்கள். அடுத்த பெரிய பங்கு நிலக்கரிக்கு. நிலக்கரியில் துளியூண்டு பாதரசம் இயற்கையாகவே இருக்கும், அனல்மின் நிலையம் லட்சக்கணக்கான டன் எரிக்கும்போது துளி துளியாகச் சேர்ந்துவிடும்.

பூச்சிமருந்தாவது வருஷக்கணக்கில் சிதையும். பாதரசம் தனிமம், அதைச் சிதைக்க வழியே இல்லை. காற்றில் மாதக்கணக்கில் சுற்றி, மழையோடு எங்கோ இறங்கி, மறுபடி ஆவியாகி எழும். ஆர்க்டிக்கில் தொழிற்சாலைகள் மிகக் குறைவு, ஆனால் அங்கிருக்கும் சீல்களின் உடம்பில் பாதரசம் இருக்கிறது.

கடல் தண்ணில இருக்கிறது இத்துனூண்டுன்னா, மீன்ல மட்டும் எப்படி ஏறுது?

நீரடியில் காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றின் வயிற்றுப்பாட்டில்தான் சாதுவான பாதரசம் மெத்தில் மெர்குரியாக மாறுகிறது. அதைப் பாசி எடுத்துக்கொள்ளும். பாசியை நுண்ணுயிர் தின்னும், அதை நெத்திலி தின்னும், நெத்திலியைச் சூரை தின்னும், சூரையைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலும் தின்ற உணவின் சத்து செலவாகிவிடும், மெத்தில் மெர்குரி மட்டும் தசையில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும். ஆயிரம் நெத்திலி சேர்த்துவைத்தது ஒரு பெரிய மீனின் கணக்கில் ஏறுகிறது. இப்படியே போய் உச்சியில் இருக்கும் மீனில் தண்ணீரைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் ஆகிவிடும். அதனால் மீனில் பார்க்க வேண்டியது இரண்டு: எவ்வளவு பெரியது, மற்ற மீனைத் தின்று வாழ்கிறதா.

மினமாட்டா மினமாட்டாங்கறாங்களே, அங்க என்னதான் நடந்தது?

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் இருக்கும் மீனவர் ஊர் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயனக் கம்பெனி அங்கே 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தது. அதற்குப் பாதரசம் வினையை வேகப்படுத்தும் ஊக்கியாகப் பயன்பட்டது. கழிவிலேயே மெத்தில் மெர்குரி இருந்தது, அது விரிகுடாவில் போய்க் கலந்தது. முதலில் பாதிப்பைக் காட்டியது பூனைகள்தான். மீன் தின்று வளர்ந்த ஊர்ப் பூனைகள் வெறிபிடித்தது போல் சுற்றிச் சுற்றி ஆடிக் கடலில் விழுந்து செத்தன. காகங்கள் பறக்கும்போதே விழுந்தன. பூனை ஆட்டம் என்று ஊரில் பேர் வைத்துப் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், 1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் முடியாமல் ஒரு ஐந்து வயதுச் சிறுமியைக் கம்பெனியின் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். மே 1-ஆம் தேதி ஆஸ்பத்திரித் தலைவர் ஹோசோகாவா காரணம் தெரியாத நோய் என்று சுகாதாரத் துறைக்கு அறிவித்தார்.

அதே ஹோசோகாவா 1959-ல் கம்பெனியின் கழிவுநீரை ஒரு பூனையின் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். சோதனைப் பட்டியலில் 400-ஆம் எண் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. கம்பெனி விஷயத்தை அமுக்கியது. அரசு உண்மையை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில், அந்தத் தயாரிப்பு நின்று சில மாதம் கழித்து. தெரிந்த பிறகும் ஒன்பது வருஷம் ஓடவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று அப்போது மருத்துவர்கள் நம்பினார்கள். மினமாட்டாவில் லேசான மதமதப்போடு இருந்த தாய்மார்களுக்குக் கை கால் முறுக்கிய குழந்தைகள் பிறந்தன. நம் ஊரில் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவது போல, ஜப்பானில் அதை உலர்த்திச் சின்னப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். மருத்துவர் ஹராடா மசாசுமி வீடு வீடாகப் போய் அந்தப் பெட்டிகளை வாங்கிச் சோதித்தார். காய்ந்த கொடிகளில் மெத்தில் மெர்குரி இருந்தது. விரிகுடாவின் சேற்றை 1977 முதல் 1990 வரை, சுமார் 15 லட்சம் கன மீட்டர், தோண்டி எடுத்துப் புதைத்து மேலே நிலமாக்கினார்கள். புதைக்கத்தான் முடிந்தது. முன்னால் சொன்னேனே, தனிமம்.

மனுஷனை விடுங்க, பறவை விலங்குக்கெல்லாம் என்ன ஆகும்?

உடனே செத்து விழுவது குறைவு, வம்சம் மெலிவதுதான் அதிகம். பறவை குறைவாக முட்டையிடும், பொரிந்த குஞ்சு பிழைக்காது, தாய் கூட்டைக் கவனிக்காது. ஸ்வீடனில் 1950-களில் விதை நெல்லுக்கு மருந்து கலப்பது போலக் கோதுமை விதையில் மெத்தில் மெர்குரி பூசி விதைத்தார்கள். விதையைக் கொத்திய சின்னப் பறவைகளும், அவற்றைப் பிடித்துத் தின்ற வல்லூறு வகைகளும் சாகத் தொடங்கின. 1966-ல் அந்த மருந்தை நிறுத்தினார்கள். அப்படிப் பூசிய விதைக் கோதுமைதான் 1971-ல் இராக்குக்கும் போனது. பஞ்ச காலம். எச்சரிக்கை எழுதியிருந்த மொழி குடியானவர்களுக்குப் புரியவில்லை. விதைக்க வேண்டியதை அரைத்து ரொட்டி சுட்டார்கள். 6,000 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அங்கேயே 459 பேர் இறந்தார்கள்.

கொடைக்கானல்ல தெர்மாமீட்டர் ஃபேக்டரி இருந்துச்சே, இப்பவும் அங்க போறது ஆபத்தா?

1980-களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய ஆலை அது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது 2001 மார்ச்சில் வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை தருவதாக 2016-ல் உடன்பாடு ஆனது. நடுவில் பதினைந்து வருஷம்.

2006-ல் வெளியான ஓர் ஆய்வு கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் மூன்றிலும் பாதரசத்தைக் கண்டது. மீனில் கிலோவுக்கு 0.12 முதல் 0.29 மில்லிகிராம். ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டப் போகிற உங்களுக்கு அதனால் ஒன்றுமில்லை. மூடிய கூடத்தில் ஆவியை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கும், ஏரி மீனையே தினமும் தின்னும் நீர்ப்பறவைக்கும்தான் கணக்கு வேறு.

அப்போ மீனே சாப்பிட வேண்டாமா? மாசமா இருக்கா என் மருமக.

தாராளமாகச் சாப்பிடட்டும், எந்த மீன் என்று பார்த்து. சிசுவின் மூளை வளர்ச்சிக்கு மீனில் இருக்கும் கொழுப்பு நல்லது, பயந்து மீனையே நிறுத்துவதும் நஷ்டம்தான். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, இறால் மாதிரியான சின்னவை வாரத்தில் இரண்டு மூன்று நாள் இருக்கலாம். பெரிய சுறா, ஈட்டி மூக்குள்ள கொப்பரன், பெரிய சூரை இவற்றைக் கர்ப்ப காலத்தில் விட்டுவிடலாம். பெரிய வஞ்சிரமும் மற்ற மீனைத் தின்று வளர்வதுதான், எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைவான மீன் நல்ல மீனாகவும் இருப்பது நமக்கு வசதிதான். மெத்தில் மெர்குரி உடம்பில் பாதியாகக் குறைய 50 முதல் 70 நாள் ஆகும், அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

பால் ஊறணும்னு சுறாப்புட்டு கொடுக்கறோமே டீச்சர், அதுவும் தப்பா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பாட்டிகள் முறைப்பார்கள். நம் வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது பால் சுறா என்கிற குட்டை வகை. உருவத்தில் சிறியது, சில வருஷமே வாழ்ந்தது. ஆள் நீளச் சுறாவை வெட்டித் துண்டு போட்டு விற்பது வேறு கணக்கு. ‘சுறா என்றால் சுறா’ என்று வாங்காமல் முழு மீனைக் கண்ணால் பார்த்து, முழங்கை நீளத்துக்கு மேல் போகாததாக, பத்தியத்தில் ஒன்றிரண்டு முறை போதும். தினமும் வேண்டாம். மீதி நாளுக்குப் பூண்டும் நெத்திலியும் இருக்கவே இருக்கின்றன.

மஞ்சள் போட்டுக் கழுவினா, புளியில ஊற வச்சா போயிடாதா?

போகாது. தசையின் புரதத்தோடு ஒட்டியிருப்பது. தோலை உரித்தாலும், வறுத்தாலும், கருவாடாக்கினாலும் அப்படியே இருக்கும்.

ஆன்லைன்ல வாங்கின சிவப்பழகு கிரீம்ல மெர்குரி இருக்காமே?

எல்லாவற்றிலும் இல்லை. லேபிளே இல்லாமலோ, தெரியாத மொழியில் மட்டும் லேபிள் ஒட்டியோ வரும், ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களில் இருக்க வாய்ப்புண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்பு தடுக்கும், அதனால்தான் வேகமாக வெளுக்கிறது. உப்பு என்றால் சிறுநீரகம் என்று மேலே சொன்னேன் இல்லையா? 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் போகும் நோயோடு வந்தவர்களில் பலர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் கிரீம் டப்பாவையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கூடப் படுக்கும் குழந்தைக்குத் தலையணை உறை வழியாகவே போகும்.

சித்த மருந்துல ரசம், லிங்கம்லாம் சேர்க்கறாங்களே? சுத்தி பண்ணிட்டா விஷம் போயிடும்னு சொல்றாங்க.

சுத்தி செய்வதால் தனிமம் மறையாது, உருவம்தான் மாறும். லிங்கம் கரைவது மிகக் குறைவு, அதனால் உடம்பில் ஏறுவதும் குறைவு. பூரம், வீரம் அப்படியில்லை, இரண்டும் பாதரசத்தின் குளோரைடு உப்புகள், வீரம் கடும் விஷம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, மலப்புரத்தில் பார்த்த அதே வகைச் சிறுநீரக நோயைப் பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளோடு சேர்த்துப் பேசியது. சித்த வைத்தியத்தையே தள்ளச் சொல்ல நான் வரவில்லை, கஷாயமும் சூரணமும் நானே சாப்பிடுகிறேன். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் செந்தூரத்தை மட்டும் தொடமாட்டேன். பாதரசத்தைக் கெட்டியாக்கிச் செய்த ரசமணியைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் குடிப்பவர்களுக்கும் இதுதான் பதில். கழுத்தில் கட்டிக்கொள்வது உங்கள் நம்பிக்கை, அடுப்பில் வைக்காதீர்கள்.

ரத்தம் டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடுமா?

எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. மீன் வழியாக வந்தது ரத்தத்திலும் முடியிலும் தெரியும். முடியில் ரத்தத்தைவிடச் சுமார் 250 மடங்கு இருக்கும். ஆவியோ உப்போ என்றால் சிறுநீரில் பார்க்க வேண்டும். தவறான சோதனை எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தெர்மாமீட்டர் உடைந்ததற்கெல்லாம் சோதனை தேவையில்லை.

மாமனாரோட பழைய பி.பி. மெஷின் பரண்ல கிடக்கு. காயலான் கடைக்குப் போடலாமா?

கூடவே கூடாது. அதற்குள் 100 கிராம் அளவு இருக்கும், நூறு தெர்மாமீட்டருக்குச் சமம். மூஞ்சிக்கல் கடையில் நடந்ததை மறுபடி நடத்த வேண்டாம். உடைந்த தெர்மாமீட்டர், சிஎஃப்எல், டியூப்லைட் எல்லாவற்றையும் 2016-ன் திடக்கழிவு விதிகள் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியாக வைத்தன, சேகரிப்பு மையத்தில் கொடுக்கச் சொன்னது அந்த விதி. உங்கள் நகராட்சியில் அந்த மையம் எங்கே என்று கேட்டால் முதல் முறை யாருக்கும் தெரியாது, மூன்றாவது முறை கேட்டால் ஒருவர் சொல்வார். அதுவரை மெஷினைச் சாய்க்காமல், நிமிர்த்தியபடியே, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடி, மேலே ‘பாதரசம், திறக்காதே’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பரணில் வேண்டாம், எலி தள்ளிவிடும். எங்கள் வீட்டு டப்பா பீரோவுக்கு அடியில் மூன்று வருஷம் இருந்தது.